பியூசில் வைத்த பொட்டு

போன வாரம் வில்லியனூரில் ஒரு பட்டறையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இந்த வயதில் சண்டை போடக் கூடாது. போட்டேன்.

என் மருமகன் வேன் ஓட்டுகிறான். முன் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனான். கிழவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். பட்டறைக்காரன் முப்பது வயது ஆள். வேலை தெரிந்தவன். கையில் மீட்டர் வைத்திருந்தான். பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் ஆகிறது. காய்ந்த சந்தனமும் பேட்டரி ஆசிட்டும் சேர்ந்து ஒரு வாடை. 

"மொதல்ல அதத் தொடை" என்றேன்.

"இன்னா தாத்தா, சாமி பொட்டு. அது பாட்டுக்கு இருக்குது, வுடு."

"தொடைன்னா தொடைடா."

அவன் சிரித்தான். சிரித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவன் தோளில் கிடந்த துணியைப் பிடுங்கி நானே துடைத்தேன். திட்டிக்கொண்டே துடைத்தேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. திரும்பி வரும்போது மருமகன் கேட்டான்: "மாமா, உங்களுக்கு இன்னா ஆச்சு?"

அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. இரண்டாம் வகுப்போடு சரி. வாத்தியார் என்னை விட்டாரா, நான் வாத்தியாரை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. பேச்சும் குறைவு. பேச்சு குறைவு என்பதை நல்ல குணம் என்று நாலு பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

யுத்தத்துக்கு முந்தி. பிரெஞ்சுக்காரன் இருந்த காலம். பாகூரில் ஒரு முதலாளி இருந்தார். நெல்லும் கரும்புமாக நிறைய நிலம். அதோடு ஒரு பஸ். காலையில் பாகூரிலிருந்து புதுச்சேரி, பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பப் பாகூர். அடிப்பக்கம் அமெரிக்கா இரும்பு. மேலே நம்ம ஊர் ஆசாரி கட்டின கட்டை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாத் துணிதான். மழை வந்தால் அதை இறக்கிக் கட்டுவார்கள். உள்ளே முப்பது பேர், நாலு கோழி, வெற்றிலைக் கட்டு, கருவாட்டுக் கூடை. எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். இன்றைக்கு எந்த பஸ்ஸிலும் அது இல்லை. இல்லாததும் நல்லதுதான்.

அந்த பஸ்ஸுக்கு நான் மெக்கானிக். பெரிய பெயர். கொட்டகை தகரம். ஆறு ஸ்பானர், ஒரு சுத்தியல், ஒரு ஈயப்பற்றுக் கோல். கரண்டு வேலைக்கு என்று என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாமான். அதுவும் நானே செய்தது.

பின்னால் எரிகிற சிவப்பு விளக்கின் சின்ன பல்பு ஒன்று. அதன் அடியில் இரண்டு ஒயரைப் பற்ற வைத்தேன். ஒரு ஒயர் முனையில் கவ்வுகிற கிளிப். இன்னொரு முனையில் கோணி தைக்கிற ஊசி. ஊசியைப் பிடிக்க ஒரு பிராந்தி பாட்டில் தக்கை. பிரெஞ்சு ராஜ்யத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தக்கைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இதற்கு டெஸ்ட் லைட் என்று பெயர். புதுச்சேரி கராஜ் ஒன்றில் முள் ஆடுகிற மீட்டர் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

வித்தை சின்னதுதான். கரண்டு பேட்டரியில் கிளம்பி ஒயர் வழியாகப் போய் விளக்கில் எரியும். திரும்பி வர ஒயர் வேண்டாம், வண்டியின் இரும்பு வழியாகவே வந்துவிடும். ஆகவே கிளிப்பை இரும்பில் கவ்வவிட்டு, ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்க வேண்டும். அதுவரை கரண்டு வந்திருந்தால் என் பல்பு எரியும். வராவிட்டால் எரியாது. எரிகிற இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில் நோய். அவ்வளவுதான். அந்தச் சாமானுக்குப் பொய் தெரியாது. மனிதனையும் அப்படிக் குத்திப் பார்க்கலாம் என்றிருந்தால் அந்த வருஷம் பாதிப் பாகூரைக் குத்தியிருப்பேன்.

டிரைவர் காதர் பாய். வில்லியனூரில் மளிகைக் கடை வைத்த குடும்பம். கடையில் உட்கார உடம்பு வணங்காமல் வண்டிக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆள் ஒல்லி, வாய் பெரியது. நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"தம்பி, நீ வாயத் தொறக்கறதுக்குள்ள பஸ்ஸு அரியாங்குப்பம் தாண்டிடும்பா" என்பார்.

பொழுது சாய்ந்த பிறகும் அவர் விளக்கைப் போடாமல் ஓட்டுவார். அது அவர் இஷ்டம் இல்லை. முதலாளி உத்தரவு. "எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியாதப்ப போடு, போதும். பல்பு இன்னா மரத்துலயா காய்க்குது?" என்பார் முதலாளி. பல்பு போனால் புதுச்சேரியில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அதனால் பாய் கண்ணை இடுக்கிக்கொண்டு இருட்டில் வருவார். பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். இதை வைத்துக் கேலியும் உண்டு. கருவாட்டுக் கூடைக்காரி பின்னாலிருந்து கத்துவாள்.

"யோவ் பாய், ரோடு தெரியுதா, இல்ல வாசம் புடிச்சி ஓட்றியா?"

"உன் கூடை உள்ள இருக்கசொல்ல வாசம் புடிச்சன்னா பஸ்ஸு நேரா கடலுக்குத்தான் போவும்."

பஸ்ஸே சிரிக்கும். இந்தச் சிரிப்பைத்தான் பிறகு சாட்சி என்று கொண்டுவந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

முதலாளிக்குப் பக்தி அதிகம். அதில் தப்பில்லை. எனக்கும் உண்டு, அளவாக. பஸ்ஸைக் கழுவி, வாழைக் கன்று கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, சாமான்களை எல்லாம் வாழையிலையில் பரப்பிப் பொட்டு வைப்போம். முன் வருஷங்களில் பூஜை முடிந்த மறுநாள் காலையில் நான் சத்தமில்லாமல் ஒரு துணி எடுத்துத் துடைத்துவிடுவேன். ஸ்பானர் வழுக்கும் அல்லவா. முந்தின வருஷம் அதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த மாசமே பஸ்ஸுக்கு அச்சு முறிந்தது. துடைத்ததால்தான் முறிந்தது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அச்சு முறிந்தது பாகூர் ஏரிக்கரைப் பள்ளத்தால். அதை நிரப்பச் சொல்லி ஊர்த் தலைவரான மேரிடம் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அதனால் இந்த வருஷம் அவரே வந்து நின்றார்.

"கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டி எலையில வைடா. உள்ள ஒளிஞ்சிகினு கெடக்கறதுக்கும் சாமி வேணும்."

கழற்றினேன். ஸ்பார்க் பிளக் கழற்றினேன். விளக்கின் பியூசையும் கழற்றி வைத்தேன். பியூஸ் என்றால் சின்னக் கண்ணாடிக் குழாய், இரண்டு பக்கமும் பித்தளைத் தொப்பி, உள்ளே மயிர் மாதிரிக் கம்பி. சுவிட்சைத் தாண்டி வருகிற கரண்டு இதற்குள் புகுந்துதான் விளக்குக்குப் போக வேண்டும். இரண்டு பித்தளைக் கவ்விக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். தொப்பியும் கவ்வியும் உரசினால்தான் கரண்டு தாண்டும்.

முதலாளி தன் கையால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். பியூஸ் சின்னது. பொட்டு வைக்க அதில் இடம் ஏது? ஒரு தொப்பி முழுக்கச் சந்தனம், மேலே குங்குமம். அப்படியே மாட்டச் சொன்னார்.

"முதலாளி, இத மட்டும் தொடைச்சிட்டு..."

"சாமிக்கு வச்சதத் தொடைக்கறவன் கை வெளங்காது. மாட்டுடா."

மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மாட்டினதும் விளக்கு எரிந்தது. கவ்வியில் நுழையும்போது சந்தனம் கொஞ்சம் வழித்துக்கொண்டு போயிருக்கும். எரிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். மறுநாள் துடைத்திருக்கலாம். அதற்கடுத்த நாள் துடைத்திருக்கலாம். அவர் கையில் ஆள்கள் நிறைய, எனக்குப் பயம். பயம் என்று எழுதும்போதே எரிகிறது.

பதினோராம் நாள் மழை பிடித்தது. அன்றைக்குப் புதுச்சேரியிலிருந்து திரும்பும் வழியில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்தார்களாம். நம்ம ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அவன் எல்லை கொஞ்சம் குறுக்கே வரும். அங்கே நேரம் போய்விட்டது. செலியமேடு வரும்போது பொழுது இறங்கிவிட்டது. மழை வேறு. சோரியாங்குப்பத்து அய்யாக்கண்ணு எரு ஏற்றின மாட்டு வண்டியோடு எதிரே வந்தான். வண்டியிலும் விளக்கு இல்லை. பஸ் வண்டியில் மோதி, வண்டி வாய்க்காலில் சாய்ந்து, நுகத்தடி அய்யாக்கண்ணு நெஞ்சில் விழுந்தது. ஆள் அங்கேயே போய்விட்டான். ஒரு மாடும் போனது.

காதர் பாய் ஓடவில்லை. மழையில் அந்த ஆள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். போலீஸ் சிப்பாய்கள் வந்து கூட்டிப்போனார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சுவிட்ச போட்டேன். எரியல."

பஸ்ஸில் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "அவுரு எப்பவுமே வெளக்கு போட மாட்டாருங்க." எல்லாரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் பஸ் கொட்டகையில் நின்றது. முன்பக்கம் நசுங்கல், அவ்வளவுதான். எஞ்சின் ஓடிற்று. முதலாளி வந்தார். இரவெல்லாம் அழுத முகம் என்று நினைத்துவிடாதீர்கள். குளித்து விபூதி இட்டிருந்தார்.

"வெளக்கு இன்னான்னு பாரு. நாளைக்கு லைனுக்குப் போவணும்."

டெஸ்ட் லைட்டை எடுத்தேன். முதலில் ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். அடித்தது. பேட்டரியில் உயிர் இருக்கிறது. கிளிப்பை இரும்பில் கவ்வவிட்டேன். சுவிட்சுக்கு வருகிற ஒயரைக் குத்தினேன். என் பல்பு எரிந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, அதிலிருந்து போகிற ஒயரைக் குத்தினேன். எரிந்தது. பியூசின் இந்தப் பக்கக் கவ்வியைத் தொட்டேன். எரிந்தது. அந்தப் பக்கக் கவ்வியைத் தொட்டேன்.

எரியவில்லை.

பியூசைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்கம்பி முழுசாக இருந்தது. தொப்பியில் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. குங்குமத்தில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். பித்தளையும் சுண்ணாம்பும் மழை ஈரமும் சேர்ந்தால் களிம்பு பூக்காமல் என்ன செய்யும்? பத்து நாளில் பூத்துவிட்டது. ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டதில் மிச்சமிருந்த ஒட்டும் விட்டுவிட்டது. பாய் சுவிட்சைப் போட்டிருக்கிறார். கரண்டு பொட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

இப்போது கேளுங்கள். இதற்கப்புறம் நான் செய்தது உலகத்தில் ஒரு மெக்கானிக்தான் செய்வான். வக்கீல் செய்ய மாட்டான், சிப்பாய் செய்ய மாட்டான், குழந்தைகூடச் செய்யாது. உப்புத்தாளை எடுத்தேன். தொப்பியைத் தேய்த்தேன். கவ்வியைத் தேய்த்தேன். பித்தளை தங்கம் மாதிரி வந்தது. மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். இரண்டு விளக்கும் பளீரென்று கொட்டகைச் சுவரில் அடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஆள் செத்திருக்கிறான், ஒரு ஆள் உள்ளே இருக்கிறான், எனக்குச் சந்தோஷம். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா. கைக்குத் தெரிந்த புத்தி தலைக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சிப்பாய்கள் இரண்டு பேரும் ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். முதலாளி கூடவே வந்தார். ஒரு சிப்பாய் சுவிட்சைப் போட்டான். எரிந்தது.

"எரியுதே" என்றான்.

"எரியாம இன்னா?" என்றார் முதலாளி. "அவன் போடல. ஊருக்கே தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

அன்று சாயந்திரம் போலீஸ் சாவடிக்குப் போனேன். தெரிந்த சிப்பாய், ஜன்னலோரம் பேசவிட்டான். பாய்க்கு உதடு வீங்கியிருந்தது.

"தம்பி, இன்னா கோளாறு?"

சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் ஒட்டி வந்து குரலை இறக்கினார். காதர் பாய் மெதுவாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாத."

"பாய், அப்பறம் நீங்க..."

"சொல்லாதடா. சாமி சந்தனத்தாலதான் ஆளு செத்தான்னு ஒரு பாய் சொல்றான்னு கெளம்பும். நீ சொன்னாலும் நான் சொல்லிக் குடுத்தன்னுதான் வரும். பாகூர்ல எங்க ஆளுங்க நாலு கடை வச்சிருக்காங்க. பொம்பளப் புள்ளைங்க இருக்குது. பியூசு புடிக்கலன்னு சொல்லு, போதும். அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம்."

"செரி" என்றேன்.

"நீ ஒருத்தன்தாம்பா சொன்னா சொன்னபடி இருக்கறவன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். உதடு இடம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா. நம்ம தமிழ் ஆள்தான். கேட்பது தமிழில், எழுதுவது பிரெஞ்சில். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே கேட்டான்.

"பேட்டரி நல்லா இருந்துதா?"

"இருந்துது."

"சுவிட்சுக்குக் கரண்டு வந்துதா?"

"வந்துது. ஆனா..."

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். கேட்டதுக்குச் சொல்லு. ஒயரு அறுந்துதா?"

"இல்ல."

"பியூசு எரிஞ்சி போச்சா?"

எரிந்துபோகவில்லை. உள்கம்பி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அடுத்து கேட்பானே. கேட்டால் என்ன சொல்வது? அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேனே. எனக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்தவனாக இருந்தால் மெக்கானிக்காக ஏன் ஆகிறேன்.

"எரியல" என்றேன்.

"அவ்ளோதான். கையெழுத்துப் போடத் தெரியுமா, ரேகையா?"

தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். தமிழில் என் பெயரை எழுதினேன். இரண்டாம் வகுப்புப் படிப்பு அதற்குத்தான் உதவிற்று. நாலு கேள்வி, நாலு பதில். நாலும் உண்மை. நாலையும் சேர்த்தால் பச்சைப் பொய்.

புதுச்சேரிக் கோர்ட்டில் வழக்கு வந்தது. வெள்ளைக்கார ஜட்ஜ். பக்கத்தில் துபாஷி. என் காகிதத்தைப் பிரெஞ்சில் படித்தார்கள். துபாஷி தமிழில் சொன்னான்: "பேட்டரி நல்ல நிலை, ஒயர் நல்ல நிலை, பியூஸ் எரியவில்லை, சுவிட்சுக்குக் கரண்டு வந்திருக்கிறது என்று மெக்கானிக் சத்தியமாகச் சொல்லியிருக்கிறான்." அதாவது டிரைவர் சுவிட்சைப் போடவே இல்லை. நான்தான் சாட்சி. முதலாளி இல்லை, கருவாட்டுக்காரி இல்லை, நான்.

ஜட்ஜ் பாயைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"சுவிட்ச போட்டன் தொர. எரியல" என்றார் பாய். வேறு எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு பேசுகிற மனிதன்.

நான் எழுந்தேன்.

"அய்யா, பியூசுல சந்தனம் இருந்துது."

துபாஷி திரும்பினான். "இன்னாது?"

"சந்தனம். ஆயுத பூஜைக்கு வச்சது. அதால கரண்டு தாண்டல. அவுரு சுவிட்ச போட்டாரு."

துபாஷி சொன்னான். ஜட்ஜ் புருவத்தைத் தூக்கினார். அவர் கேட்டதைத் துபாஷி என்னிடம் திருப்பினான்.

"இத ஏன் முன்னாடி சொல்லலன்னு கேக்கறாரு."

"கேக்கல."

"கேக்கலன்னா சொல்ல மாட்டியா? செரி, அந்தச் சந்தனம் இப்ப எங்க?"

"தேச்சிட்டன்."

"யாரு தேய்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே தேச்சன்."

கோர்ட்டே சிரித்தது. உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். போகும்போது பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் நன்றியைத் தேடினேன், மடையன். கோபம்தான் இருந்தது.

பாய்க்கு எட்டு மாசம் ஜெயில் போட்டார்கள். பெர்மி என்கிற வண்டி ஓட்டும் லைசென்சையும் பிடுங்கிக்கொண்டார்கள். இனி எந்த நாளும் கிடையாது என்று.

வெளியே முதலாளி நின்றார். "ஒருத்தனுக்காக சாமி மேல பழி போட்டுட்டியேடா" என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எனக்கு இன்றுவரை தாங்காதது அதுதான். அவர் நடிக்கவில்லை. அவருக்காகத் தினம் இருட்டில் கண்ணை இடுக்கி ஓட்டினவனுக்கு வராத கண்ணீர், ஒரு பொட்டுக்கு வந்தது. அன்றோடு எனக்கு அங்கே வேலை இல்லை. பஸ்ஸைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்த் தீட்டுக் கழித்துத் திரும்பப் பொட்டு வைத்தார்களாம். அடுத்த இரண்டு சந்தைக்குப் பாகூரில் பாய்மார் கடைகளில் ஆள் ஏறவில்லை. ஒரு கடைக் கதவில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். காதர் பாய் பயந்தது பொய் இல்லை.

பாய் ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். வில்லியனூர் கடைத்தெரு. அவர் அண்ணன் கடையில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். கடையில் உட்கார வணங்காத உடம்பு இப்போது உட்கார்ந்திருந்தது.

"பாய்" என்றேன்.

"வா" என்றார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "சொல்றதுன்னா மொத நாளே சொல்லியிருக்கணும். எங்கிட்ட வந்து கேட்டிருக்கவே கூடாது. சொல்லாததுன்னா கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். நீ ரெண்டும் செஞ்சிட்டடா. நான் உள்ளயும் போனன், எங்க ஆளுங்க கடையும் படுத்துது."

முறத்தில் இன்னொரு பிடி பருப்பை அள்ளிப் போட்டார். 

"போ, தம்பி. மழ வருது" என்றார்.

அந்த வருஷமே சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த நாளில் நம்ம பக்கத்து ஆள்கள் நிறையப் பேர் அங்கே போவார்கள். போனவர்களில் திரும்பினவர்கள் உண்டு. அவர் திரும்பவில்லை. பிறகு யுத்தம் வந்தது. அண்ணனுக்குக் கடுதாசி நின்றுவிட்டது. அவர் அங்கே வண்டி ஓட்டினாரா, பருப்பு புடைத்தாரா, தெரியாது.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பஸ் போன இடம் தெரியவில்லை. இங்கிலீஷ்காரன் சாவடி இல்லை. எல்லையே இல்லை. பிரெஞ்சுக்காரனும் போய்விட்டான். செலியமேட்டு ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு வண்டி கண்ணைக் குருடாக்குகிற விளக்கோடு வருகிறது. அய்யாக்கண்ணு என்று ஒருவன் இருந்ததாகச் சோரியாங்குப்பத்திலேயே நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகு ஒரு தடவை புதுச்சேரிக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா, சின்ன வயது, மரியாதையான ஆள், உட்காரச் சொல்லிக் கேட்டான்.

"நம்பர் இருக்குதுங்களா?"

"இல்ல."

"நம்பர் இல்லாம கஷ்டம் பெரியவரே. பாதி கப்பல்ல போயிடுச்சி. பாதி கரையான் தின்னுடுச்சி. அதுல இன்னா இருந்துது?"

"நாலு வரி."

"முக்கியமானதா?"

எழுந்து வந்துவிட்டேன்.

கப்பலில் போயிருந்தால் பிரான்சில் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும். காதர் பாய் சுவிட்சைப் போடவில்லை என்று அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் அடியில் என் பெயர், கோணல் தமிழில். அந்தக் காகிதம் கண்ணிலேயே நிற்கிறது. நாலாவது வரிக்குக் கீழே, என் கையெழுத்துக்கு மேலே, இன்னொரு வரி எழுத இடம் விட்டிருந்தான் அந்தக் குமாஸ்தா. பேனாவும் என் கையில்தான் இருந்தது.